காப்பர்-டி போடும்போது எங்கே தடுக்கிறது, ஏன் வலிக்கிறது, நூல் எங்கே போகிறது

குறிஞ்சி:
இந்த மன்றப் பகுதியில் காப்பர்-டி பற்றித் திரும்பத் திரும்ப நான்கு கேள்விகள் வருகின்றன. "போட முடியலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க", "உயிர் போற வலி", "நூல் தட்டுப்படல", "தானா விழுந்துடுச்சு". கிடைக்கும் பதில் பெரும்பாலும் "உடம்புக்கு ஒத்துக்கல" என்பதுதான். அது பதிலே இல்லை. நான்குக்கும் தெளிவான காரணங்கள் உண்டு. பிரசவ வார்டிலும் கருத்தடைப் பிரிவிலும் வேலை செய்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் ஒரே இழையில் எழுதி வைப்போம்.

முதலில் பொருளைப் பற்றி. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது இரண்டு வகை. காப்பர்-டி 380ஏ என்பது கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் டி வடிவ பிளாஸ்டிக், அடியில் கட்டிய நூல் கருப்பை வாய் வழியே வெளியே வரும். கைகளின் அகலம் 32 மி.மீ., தண்டின் நீளம் 36 மி.மீ. தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரண்டு கைகளிலும் செம்புக் குழல் மாட்டியிருக்கும். 380 என்பது வெளியே தெரியும் செம்பின் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில். 10 வருடம் வேலை செய்யும். இன்னொன்று காப்பர் 375. இதன் கைகள் குதிரை லாடம் மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். 5 வருடம். தனியாரில் ஹார்மோன் வளையமும் கிடைக்கும், அதில் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கிறது. எந்த வகை என்று தெரியாமல் கேள்வி கேட்டால் பதில் தப்பாகப் போகும். போட்டபோது கொடுத்த கார்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மகப்பேறு_மதுரை:
நல்ல தொடக்கம் குறிஞ்சி. போடும் முறையை நான் எழுதுகிறேன். எந்த இடத்தில் கை தவறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கையால் உள்பரிசோதனை செய்ய வேண்டும். கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா என்று அதில்தான் தெரியும். பின்பக்கம் சாய்ந்த கருப்பையில் சவுண்டை (கருப்பையின் ஆழம் அளக்கும் மெல்லிய கோல்) முன்பக்கம் வளைத்து விட்டால் முன்சுவரில் போய் இடிக்கும். அழுத்தினால் துளைத்துவிடும். கருப்பை துளைபடுவது ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பேருக்குத்தான். அந்த ஒன்று, இரண்டில் பலவும் சாய்வைப் பார்க்காமல் அவசரப்பட்டதால் வருபவை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் சுவர் மென்மையாக இருக்கும், அப்போது அபாயம் கூடுதல்.

அடுத்து ஸ்பெகுலம். கருப்பை வாயில் சீழ் மாதிரி வெள்ளை வடிந்தால் அன்றைக்குப் போடக் கூடாது, முதலில் சிகிச்சை. சுத்தமாக இருந்தால் போவிடோன் அயோடினால் இரண்டு முறை துடைத்து, 2 நிமிடம் விட வேண்டும். அந்த 2 நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அயோடின் வேலை செய்ய அந்த நேரம் தேவை.

பிறகு டெனாகுலம் என்ற கொக்கி இடுக்கியால் கருப்பை வாயின் மேல் உதட்டை, கடிகார முகப்புக் கணக்கில் 12 மணி இடத்தில் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். எதற்கு? கருப்பை வாய்க்கும் உடலுக்கும் நடுவில் ஒரு மடிப்பு உண்டு. இழுத்தால் அது நேராகும். "பிடிக்காமலே போட்டுடலாம், வலி குறையும்" என்று சிலர் தவிர்ப்பார்கள். மடிப்பு நேராகாமல் சவுண்ட் பாதியில் நிற்கும், "வாய் இறுக்கமா இருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். பாதிப் பேருக்கு வாய் இறுக்கமே இருக்காது.

சவுண்ட் போகும்போது உள்வாயில், அதாவது கருப்பை வாய் கருப்பைக்குள் திறக்கும் இடத்தில், ஒரு தடை வரும். அங்கே தள்ளக் கூடாது. பேனா பிடிப்பது போல் லேசாகப் பிடித்து, அந்த இடத்திலேயே நிதானமாக அழுத்தம் வைத்துக் காத்திருந்தால் சில விநாடிகளில் விடும். பிறகு கருப்பையின் மேல்முனையில் மெத்தென்று தட்டும். அளவு 6 முதல் 9 செ.மீ. வரை இருக்க வேண்டும். 6-க்குக் குறைவென்றால் 380ஏ உள்ளே தங்காது, வெளியே தள்ளிவிடும். 10-ஐத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனால் உடனே நிறுத்துங்கள். கர்ப்பமாக இருக்கலாம், கட்டி இருக்கலாம், சுவர் துளைபட்டிருக்கலாம்.

இனி டி-யை உள்ளே கொண்டுபோகும் குழாயில் ஏற்றுவது. பாக்கெட்டை முழுசாகப் பிரிக்காமல், வெளியிலிருந்தே கைகளைக் கீழே மடக்கி, நுனி மட்டும் குழாய்க்குள் போகும்படி ஏற்ற வேண்டும். ஏற்றிய 5 நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு மேல் மடங்கியே இருந்தால் பிளாஸ்டிக் அந்த மடிப்பையே பழகிக்கொள்ளும், உள்ளே போய் விரியாது. நோயாளி மேசையில் ஏறும் முன்பே ஏற்றி வைப்பது இதனால்தான் தப்பு.

குழாயில் ஒரு நீல வில்லை உண்டு. சவுண்ட் 7 செ.மீ. காட்டினால் டி-யின் தலையிலிருந்து வில்லை வரை 7 செ.மீ. இருக்கும்படி நகர்த்த வேண்டும். வில்லையின் அகலப்பக்கமும் டி-யின் கைகளும் ஒரே திசையில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அது திரும்பியிருந்தால் கைகள் உள்ளே முன்னும் பின்னுமாக விரிந்து சுவரைக் குத்திக்கொண்டே இருக்கும். "போட்டதிலிருந்து வலி நிக்கவே இல்லை" என்பவர்களுக்கு ஸ்கேனில் இது அடிக்கடி தெரிகிறது.

வில்லை கருப்பை வாயில் தொட்டதும், குழாய்க்குள் இருக்கும் வெள்ளைக் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயைக் கீழே இழுக்க வேண்டும். கம்பியை மேலே தள்ளக் கூடாது. ஊசி போட்டுப் பழகிய கை தானாகத் தள்ளப் பார்க்கும். தள்ளினால் டி மேல்முனையைக் குத்திக்கொண்டு போகும். குழாயை இழுத்தால் கைகள் இருந்த இடத்திலேயே விரியும். அதன் பிறகு குழாயை லேசாக மேலே நகர்த்தி டி சரியாக உட்கார்ந்ததா பார்த்து, முதலில் கம்பி, பிறகு குழாய் என்று தனித்தனியாக வெளியே எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக உருவினால் நூல் நடுவில் மாட்டிக்கொண்டு டி-யையும் இழுத்துவிடும். சாயங்காலமே "விழுந்துடுச்சு" என்று வருபவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

நூலை 3 முதல் 4 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

தாமிரா:
டாக்டர், 375-க்கு இந்தக் கம்பி வேலை கிடையாதே? புதிதாக வரும் சிஸ்டர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

மகப்பேறு_மதுரை:
சரியாகச் சொன்னீங்க சிஸ்டர். 375-இல் கைகளை மடக்கிக் குழாயில் ஏற்றும் வேலையும் இல்லை, வெள்ளைக் கம்பியும் இல்லை. மேல்முனை வரை கொண்டுபோய்க் குழாயை அப்படியே உருவினால் போதும். கைகள் போகும்போதே வளைந்து கொடுக்கும்.

ஊசிநூல்:
முறையைப் பற்றி இவ்வளவு எழுதினீங்க, வலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே டாக்டர். பெண்கள் பயப்படுவது அதற்குத்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவதும் அதனால்தான்.

வலி மூன்று இடத்தில் வரும். டெனாகுலம் கடிக்கும்போது ஒன்று. சவுண்டும் குழாயும் உள்வாயைத் தாண்டும்போது இரண்டாவது, இதுதான் கடுமை. மேல்முனையில் தொட்டதும் கருப்பை சுருங்கிப் பிடிக்கும் வலி மூன்றாவது. மூன்றுக்கும் நரம்பு வழி ஒன்றல்ல, அதனால் ஒரே மாத்திரை எல்லாவற்றையும் அடக்காது.

"ஒரு மணி நேரம் முன்னாடி புருஃபென் போட்டுட்டு வாங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. புருஃபென் என்கிற ஐபுபுரூஃபென், வளையம் போடும் நேரத்து வலியைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. நாப்ராக்சன் என்ற வலி மாத்திரை 550 மி.கி. ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் பிறகு வரும் பிடிப்பு வலி குறைகிறது. கருப்பை வாயை இளக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை எல்லோருக்கும் வைப்பது வீண். குளிர் நடுக்கம், பேதி, வயிற்றுப்பிடிப்புதான் கூடும். முதல்முறை முயன்று உள்ளே போகாதவருக்கு மட்டும் அது உதவலாம்.

உண்மையில் வேலை செய்வது லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் ஊசி. 1% மருந்து, மொத்தம் 20 மி.லி. முதல் 2 மி.லி.-ஐ டெனாகுலம் பிடிக்கப்போகும் 12 மணி இடத்தில் போட வேண்டும். மீதியை இரண்டாகப் பிரித்து 4 மணி, 8 மணி இடங்களில், கருப்பை வாய் யோனிச் சுவரோடு சேரும் மூலையில் போட வேண்டும். தள்ளும் முன் பிஸ்டனை இழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு 3 முதல் 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். உச்ச அளவு ஒரு கிலோ எடைக்கு 4.5 மி.கி. 20 மி.லி.-யில் 200 மி.கி. இருக்கிறது, ஆக 45 கிலோவுக்கு மேல் இருப்பவருக்குச் சரி. 40 கிலோ பெண்ணுக்கு 18 மி.லி.-யைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் 40 கிலோ தாய்மார்கள் குறைவில்லை, எடை பார்க்காமல் போடாதீர்கள்.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் லிக்னோகெயின் ஊசியோ மேல்பூச்சோ வலியைக் குறைக்க உதவலாம் என்று எழுதி, எல்லாப் பெண்களிடமும் வலியைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. இங்கே இன்னும் "ரெண்டு நிமிஷம் பல்லக் கடிச்சுக்கோம்மா" என்பதுதான் நடக்கிறது. அது சிகிச்சை இல்லை.

தாமிரா:
ஊசிநூல் அக்கா, நீங்க சொல்றது நியாயம். ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரே காலையில பத்துப் பேர் உக்காந்திருப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஊசி போட்டு அஞ்சு நிமிஷம் காத்திருக்க எங்க முடியும்?

ஊசிநூல்:
காத்திருக்கும் அந்த 5 நிமிடத்தில்தான் அயோடின் 2 நிமிடம் ஊறும், வேண்டிய கருவிகளை எடுத்து வைக்கலாம். தனியாக நேரம் போகாது தங்கச்சி. ஊசி போட ஆள் இல்லையென்றால் 10% லிக்னோகெயின் ஸ்பிரே இருக்கிறது. கருப்பை வாயில் அடித்து 3 நிமிடம் விட்டால் டெனாகுலம் கடிப்பது குறையும். அதுவும் இல்லையா, ஒவ்வொரு படியையும் செய்வதற்கு முன் சொல்லுங்கள். "இப்போ ஒரு கிள்ளல் வரும்", "இப்போ மாதவிடாய் வலி மாதிரி பிடிக்கும், இருமுங்க". "நிறுத்துங்க"ன்னு சொன்னா நிறுத்துவேன் என்றும் சொல்லுங்கள், சொன்னபடி நிறுத்தவும் செய்யுங்கள். இறுகிக்கொண்ட இடுப்பில் எதுவும் சுலபமாகப் போகாது.

மேசையிலிருந்து சட்டென்று எழுப்பாதீர்கள். உள்வாயைத் தொட்டதும் சிலருக்கு நாடி இறங்கி, வேர்த்து, கண் இருட்டும். முகம் வெளுப்பதுதான் முதல் அடையாளம். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகும். நாடி ஏறவில்லையென்றால் அதை ஏற்றும் அட்ரோபின் 0.6 மி.கி. ஊசி மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் பிரயோஜனமில்லை. வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு இந்த மயக்கம் சுலபமாக வரும், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

விஹெச்என்_தென்காசி:
என் கேள்வி பிரசவம் முடிஞ்ச உடனே போடுற காப்பர்-டி பத்தி. கிராமச் செவிலியரா வீட்டுக்குப் போய் பார்க்கும்போது பாதித் தாய்மாருக்கு நூல் தெரியல. சிலருக்கு முழங்கையளவு தொங்குதுன்னு பயந்து போறாங்க. ரெண்டுக்கும் என்ன பதில் சொல்லட்டும்?

குறிஞ்சி:
இது நம் ஊருக்கே உரிய கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள் போடுவது ஒரு முறை, 48 மணி நேரத்துக்குள் போடுவது இன்னொன்று, சிசேரியனில் தையல் போடும் முன் போடுவது மூன்றாவது. 48 மணி நேரம் தாண்டினால் 6 வாரம் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் போட்டால் துளைபடுவதும் விழுவதும் கூடும்.

பிரசவம் ஆன கருப்பை பெரிய பை. அங்கே சாதாரணக் குழாய் எட்டாது. கெல்லி ஃபோர்செப்ஸ் என்ற நீளமான இடுக்கியில் டி-யைப் பிடித்து, இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்துக் கருப்பையை மேலே தள்ளி, கருப்பைக்கும் வாய்க்கும் இடையிலான வளைவைத் தாண்டி, வயிற்றில் வைத்த கைக்கு ஃபோர்செப்ஸின் நுனி தட்டுப்படும் வரை போக வேண்டும். கீழ்ப்பகுதியிலேயே விட்டுவிட்டால் கருப்பை சுருங்கும்போது பிதுக்கி வெளியே தள்ளும். விழும் விகிதம் மற்ற நேரத்தைவிட இதில் அதிகம் என்பதற்குப் பாதிக் காரணம் பெரிய கருப்பை, மீதிக் காரணம் மேலே வரை கொண்டுபோகாத கை. ஃபோர்செப்ஸைத் திறந்து விட்டதும் பக்கவாட்டில் சாய்த்து, திறந்த வாயோடே மெல்ல வெளியே எடுக்க வேண்டும். மூடிக்கொண்டு எடுத்தால் நூல் மாட்டி டி கூடவே வந்துவிடும்.

நூலை அப்போது வெட்டுவதில்லை. கருப்பை பெரிதாக இருப்பதால் நூல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். நாள் ஆக ஆகக் கருப்பை சுருங்கி நூல் கீழே இறங்கும். ஆக முதல் வாரத்தில் நூல் தெரியாததும் இயல்பு, 6 வாரத்தில் நீளமாகத் தொங்குவதும் இயல்பு. தொங்குவதை இழுக்கக் கூடாது, வீட்டில் கத்தரிக்கவும் கூடாது. 6 வாரப் பரிசோதனையில் வெட்டிவிடுவார்கள். ஆனால் நூலோடு கெட்டியான பிளாஸ்டிக் முனையும் விரலில் தட்டினால் டி இறங்குகிறது என்று அர்த்தம், அதற்கு 6 வாரம் காத்திருக்க வேண்டாம்.

பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆனவர்கள், காய்ச்சலோடு நோய்த்தொற்று உள்ளவர்கள், ரத்தப்போக்கு இன்னும் நிற்காதவர்கள், இவர்களுக்கு அப்போது போடக் கூடாது.

சம்மதம் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வரும் மாதங்களிலேயே பேசி, கேட்டு, கார்டில் எழுதிவிட வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் "போட்டுடவா?" என்று கேட்டு அவர் தலையாட்டினால் அது சம்மதம் இல்லை. மாமியாரிடமும் கணவரிடமும் கேட்டதும் அவர் சம்மதம் ஆகாது. தன் உடம்பில் ஒன்று இருக்கிறது என்றே தெரியாத பெண் நூலைப் பார்த்து எப்படிப் பயப்படாமல் இருப்பார்?

விஹெச்என்_தென்காசி:
நன்றி மேடம். 6 வாரம் கழிச்சும் நூல் தெரியலன்னா?

மகப்பேறு_மதுரை:
முதலில் யூரின் டெஸ்ட். கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். இருக்கிறதா விழுந்ததா என்று உறுதியாகும் வரை ஆணுறை பயன்படுத்தச் சொல்லுங்கள், இதை மறக்கவே கூடாது.

ஸ்பெகுலம் வைத்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு (பாப் ஸ்மியர்) எடுக்கும் சிறு பிரஷைக் கருப்பை வாய்க்குள் விட்டு மெல்லச் சுழற்றி இழுத்தால் பல சமயம் சுருண்ட நூல் கீழே வந்துவிடும். வரவில்லையென்றால் ஸ்கேன். கருப்பைக்குள் மேல்முனை பக்கம் சரியாக இருந்தால் நூல் தெரியாவிட்டாலும் அப்படியே விட்டுவிடலாம், கருத்தடை வேலை நடக்கும். ஸ்கேனில் காணவில்லையென்றால் "விழுந்திருக்கும்" என்று முடிவு கட்டாதீர்கள். வயிறு, இடுப்பு முழுக்கத் தெரியும்படி ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியத்தான். எக்ஸ்ரேயிலும் இல்லையென்றால்தான் விழுந்துவிட்டது. எக்ஸ்ரேயில் இருந்து ஸ்கேனில் கருப்பைக்குள் இல்லையென்றால் சுவரைத் தாண்டி வயிற்றுக்குள் போயிருக்கிறது, வயிற்றில் சிறு துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் எடுக்க வேண்டும்.

"காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிடும்" என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை இல்லை.

மருந்தாளுநர்:
ரத்தப்போக்கு பற்றி. செம்பு வளையத்தில் (380ஏ, 375 இரண்டும்தான்) முதல் 3 முதல் 6 மாதம் மாதவிடாய் கூடுதலாகவும் வலியோடும் வரும். அந்த நாட்களில் மெஃபனமிக் ஆசிட் என்ற வலி மாத்திரை 500 மி.கி., சாப்பிட்ட பிறகு, நாளைக்கு மூன்று வேளை, 5 நாள் வரை. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு வேண்டாம். அதிலும் கட்டுப்படாவிட்டால் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், ஆனால் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஹீமோகுளோபின் 8, 9 என்று இருப்பவருக்குச் செம்பு வளையத்தை விட ஹார்மோன் வளையம் நல்லது, அதில் மாதவிடாய் குறையும். விலைதான் இடிக்கும்.

காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, அடிவயிற்று வலி மூன்றும் சேர்ந்து முதல் 3 வாரத்துக்குள் வந்தால் மாத்திரை கேட்டு என்னிடம் வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலித்தாலும் அப்படியே. வளையம் இருக்கும்போது கர்ப்பம் தரிப்பதே அரிது, ஆனால் தரித்தால் கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம்.

ஊசிநூல்:
கணவருக்கு நூல் குத்துகிறது என்ற புகாருக்கு இன்னும் குட்டையாக வெட்டுவதுதான் பலர் செய்வது. அது தப்பு. 1 செ.மீ. நூல் மீன்பிடி நரம்பு மாதிரி நேராக நீட்டிக்கொண்டு நிற்கும், 3 செ.மீ. நூல் வளைந்து கருப்பை வாயின் பின்னால் ஒதுங்கும். சில வாரத்தில் மென்மையாகவும் ஆகிவிடும்.

தாமிரா:
மாதவிடாய்க் கப் போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. எடுக்கும்போது அடியை அமுக்கிக் காத்தை விட்டுட்டுதான் இழுக்கணும். அமுக்காம இழுத்தா உறிஞ்சல்ல நூலும் சேர்ந்து வரும்.

விஹெச்என்_தென்காசி:
கழட்டும்போது என்ன கவனிக்கணும்? 10 வருஷம் முடிஞ்சவங்க என் லிஸ்ட்ல இருக்காங்க.

மகப்பேறு_மதுரை:
நூலை ஃபோர்செப்ஸில் பிடித்து, ஒரே சீரான விசையில் மெல்ல இழுத்தால் கைகள் மேல்நோக்கி மடங்கி வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறும். வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு டெனாகுலம் போட்டு மடிப்பை நேராக்கி மறுபடி முயல வேண்டும். வெளியே வந்ததும் இரண்டு கைகளும் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து அவரிடமும் காட்டுங்கள். தொடர்ந்து வேண்டும் என்றால் அதே நேரத்தில் புதியது போடலாம், இடைவெளி தேவையில்லை. 40 வயதுக்கு மேல் போட்ட 380ஏ-வை மாதவிடாய் நிற்கும் வரை விட்டுவைக்கலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல்.

10 வருடம் ஆகவில்லை, ஆனால் கழற்ற வேண்டும் என்று ஒருவர் கேட்டால் கழற்ற வேண்டியதுதான். "இன்னும் கொஞ்ச நாள் பாருங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்புவது சரியில்லை.

விஹெச்என்_தென்காசி:
இன்னொண்ணு டாக்டர். பாக்கெட்ல போட்டிருக்கிற தேதி அடுத்த மாசம் முடியுதுன்னு ஒருத்தர் வேண்டாம்னுட்டாங்க. செம்பும் கொஞ்சம் கறுத்திருந்துச்சு.

மகப்பேறு_மதுரை:
அந்தத் தேதி பாக்கெட்டுக்குள் கிருமி இல்லாமல் இருப்பதற்கான கெடு. அதற்கு முந்தின நாள் போட்டாலும் 10 வருடம் போட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். செம்பு கறுப்பது காற்றுப்பட்டு வரும் நிறமாற்றம், பாக்கெட் கிழியாமல் ஒட்டியபடியே இருந்தால் தாராளமாகப் போடலாம். கிழிந்திருந்தால் தேதி எவ்வளவு பாக்கியிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். போட்ட தேதி, எந்த வகை, கழற்ற வேண்டிய வருடம் மூன்றையும் கார்டில் எழுதி, அவர் போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.